ஆண்டறிக்கையில் இல்லாத கிணறு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கல்லூரியின் ஆண்டுச் சாதனைகளும் சமூகப் பணியும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பிரியாணி தம் உடைக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதாம். அதற்குள் முடித்துவிடுகிறேன், பயப்படாதீர்கள்.

பேசுவதற்காக நூலகத்தில் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டினேன். தேர்ச்சி விகிதம், பல்கலைக்கழக ரேங்க், வேலைவாய்ப்பு, விளையாட்டுக் கோப்பைகள், கருத்தரங்குகள் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில், நன்றியுரைக்குச் சற்று முன்னால், நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஒரு பத்தி. எங்கள் ஆண்டு அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? மாணவர்கள் கிராமத்தில் முகாமிட்டனர், மரக்கன்று நட்டனர், ரத்த தானம் செய்தனர். அடுத்த ஆண்டு அறிக்கையிலும் அதேதான். கிராமத்தின் பெயர் மட்டும் வேறு.

என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24-இல், காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. இந்தக் கணக்கு உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். சான்றிதழுக்கு அதுதானே வேணும்! நானும் அந்தக் கணக்கில் தேறியவன்தான்.

எங்கள் முகாம் பாலாற்றங்கரையில் ஒரு ஊரில் நடந்தது. கன்று நட்டு முடித்துவிட்டு, தாகத்துக்கு ஒரு வீட்டுக் கொல்லைக் கிணற்றில் வாளியை விட்டேன். அந்த வீட்டுப் பாட்டி ஓடிவந்து கையைப் பிடித்தார். “கண்ணு, அத வாயில வெக்காத. அது காலு கழுவத்தான்.” குடிப்பதற்கு அவர் வைத்திருந்தது, பஞ்சாயத்து லாரி வந்தால் நிரப்பிக்கொள்கிற ஒரு பிளாஸ்டிக் குடம். அதிலிருந்து எனக்கு ஒரு சொம்பு கொடுத்தார். நாங்கள் நட்ட கன்றுகளுக்கு ஊற்றச் சொன்னதும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போனபோது ஒரு கன்றுகூட இல்லை. அறிக்கையில் மட்டும் அவை இன்னும் நட்டபடியே நிற்கின்றன.

நான் இப்போது கழிவுநீர் சுத்திகரிப்பு வேலையில் இருப்பவன். அதனால் அந்தக் கிணற்றுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு வார்த்தை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை, ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி எடுப்பது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. 1970-களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியபின், குரோம் பதனிடுதல் பெருகியது. குரோமியத்தை இரசாயன முறையில் படியவைத்து எடுத்துவிடலாம். கரிமக் கழிவை நுண்ணுயிர் தின்றுவிடும். உப்பை மட்டும் எதுவும் தின்னாது. ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் வைத்துப் பிரித்தாலும், தண்ணீரை ஆவியாக்கியபின் மூட்டை மூட்டையாக உப்பு மிஞ்சும். அதை என்ன செய்வது என்பதுதான் எங்கள் தொழிலின் தலைவலி. ஒருமுறை நிலத்தடியில் இறங்கிய உப்பு சுலபத்தில் வெளியேறாது.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரை வைத்துக் கேலி பேசுவார்கள். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்தார். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளமே வந்தது. பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தோம். கிணறு மட்டும் அந்தக் கேலியில் இல்லை.

சட்டம் படிக்கிற மாணவன் இந்தியாவில் எங்கே இருந்தாலும் நம் ஊர்ப் பெயரை ஒருமுறை படித்தாக வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தரவேண்டும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்ற இரண்டும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

அந்தத் தீர்ப்பை நான் படித்தது கல்லூரியை விட்ட பிறகுதான். அதில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் 13 கிராமங்களில் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்திருக்கிறது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையமோ, டேனரிகள் இருக்கும் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகக் கணக்கிட்டது. நீதிமன்றம் எடுத்துக்கொண்டது இந்த எண்களை. யாரோ வெயிலில் நடந்து எண்ணியிருக்கிறார்கள். நாங்கள் ஏழு நாள் அங்கேயே தங்கியிருந்தோம். ஒரு கிணற்றைக்கூட எண்ணவில்லை.

வழக்கு அத்தோடு முடியவில்லை. இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் வந்தது. 2001-இல் தொகை நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னும் கொடுக்காமல் இருந்தால் ஆறு வாரத்தில் கொடு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள் என்று அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 28 ஆண்டுகளுக்கு மேல். அந்தப் பாட்டி மாதிரி எத்தனையோ பேர் காத்திருந்தே போய்விட்டார்கள்.

இதை இங்கே பேசலாமா என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் வந்தது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல். ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் 1969-இல். தோல் வணிகத்தில் ஈட்டியதைப் பூட்டி வைக்காமல் பள்ளிக்கூடமும் கல்லூரியுமாகக் கட்டிய பெரியவர்கள் வாழ்ந்த பூமி இது. என் கதையும் அதுதான். என் அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து வாங்கிய சம்பளத்தில்தான் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டினேன். தோலைத் திட்டுவதற்கு எனக்கு வாயில்லை. ஆனால் அந்தக் கொல்லைக் கிணற்றிலும் என் ஃபீஸில் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நான் மறைக்க முடியாது.

ஊரோடு தங்கிச் சேவை செய்வதற்கு முன்மாதிரி தேடி நாம் எங்கும் போக வேண்டாம். சி.எம்.சி.யில் முதலாண்டு மருத்துவ மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். கே.வி.குப்பத்தில் அவர்களுடைய ‘ருஷா’ 1977 முதல் இருக்கிறது. காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரியில் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதத்துக்காக மென்மையான நுண்துளை ரப்பரில் செருப்பு செய்தார்கள். பாதத்தில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்த செருப்பு அது. நம்மைச் சுற்றி இத்தனை ஷூ கம்பெனி இருந்தும், அந்தச் செருப்பை முதலில் யோசித்தவர்கள் டாக்டர்கள். நாம் இன்ஜினியர்கள் கொஞ்சம் வெட்கப்படலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியைச் சுற்றி 25 கிணறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். சித்திரையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு தையில் ஒருமுறை தண்ணீர் எடுக்கவேண்டும். கரைந்த உப்பை அளக்கப் பேனா அளவுக்கு ஒரு மீட்டர் போதும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தரம். குரோமியத்தை நம் கெமிஸ்ட்ரி லேபில் பார்க்கலாம். 120 மணி நேரத்தில் இதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. ஆண்டறிக்கையில் ரேங்க் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் அந்த 25 எண்களும் வரவேண்டும். அடுத்த ஆண்டும் அதே கிணறுகள், அதே வரிசை. ஏறினாலும் எழுத வேண்டும், இறங்கினாலும் எழுத வேண்டும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இல்லை. கேட்கிற அன்றைக்குக் கையில் கணக்கு இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மீட்டர்களை எங்கள் வகுப்புக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கித் தருகிறோம். போன வாரம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். பாட்டி இல்லை. மருமகள் இருந்தாங்க. “கிணத்த மூடிடலாம்னு இருந்தோம் தம்பி, நீங்க வர்றதா இருந்தா வெச்சிருக்கோம்”னு சொன்னாங்க. கயிறும் வாளியும் அவங்களே தர்றாங்களாம். அது ஒன்றாம் எண் கிணறு. மீதி 24-க்குப் பெயர் கொடுக்க விரும்பும் தம்பி தங்கைகள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடிக்கலாம்.