மலைக்கு இரண்டு வழி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காயல்பட்டினத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணிபுரிகிறேன். சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "மதுரையை எரிச்ச பிறகு கண்ணகி எங்க சார் போனா?" வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மர நிழலில் நின்றாள் என்றேன். "அந்த மலையை நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள். பார்த்ததில்லை.

அந்தக் கேள்விதான் எங்களைக் கிளப்பியது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி சென்ற வழியைத் தேடி நடந்து, 1963இல் இந்தக் கோயிலை அடையாளம் கண்டு சொன்னார். தேனி மாவட்டத்தின் விளிம்பில், பெரியாறு புலிகள் காப்பகக் காட்டை ஒட்டி, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இடிந்த கற்றளிகளாக நிற்கிறது மங்கலதேவி கண்ணகி கோட்டம். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும், தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து மக்களை அனுமதிக்கின்றன.

நாங்கள் ஆசிரியர்கள் ஆறு பேர். முதலில் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்வது என்று முடிவு. மூன்று நாள் திட்டம்: தேனி வரை பேருந்து, அங்கிருந்து கம்பம் வழியாகக் கூடலூருக்கு மிதிவண்டி, மறுநாள் பளியங்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் காட்டு வழியில் மலையேற்றம், மூன்றாம் நாள் சுருளி அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்புதல்.

எங்கள் ஊரில் மேடு என்றால் கடற்கரை மணல்மேடுதான். ஆகவே விடியற்காலையில் மணலில் நடந்தோம். பள்ளி விட்டதும் முதுகில் பையோடு மாடிப்படி ஏறி இறங்கினோம். பட்டியல் போடும் பொறுப்பு என்னுடையது. பழகிய காலணி, பருத்தி உடை, தொப்பி, முதலுதவிப் பெட்டி. மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் எவர்சில்வர் குப்பி. தீப்பெட்டி கூடாது, வனத்துறை சொல்லும் பாதையை விட்டு விலகக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். 2018 மார்ச்சில் அதே தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்க முடியாது. எதையும் விடவில்லை என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

ஒத்திகைக்குக் கழுகுமலை போனோம். மிதிவண்டிகளைக் குட்டி யானையில் ஏற்றிக் கோவில்பட்டியில் இறக்கி, அங்கிருந்து மிதித்தோம். எட்டாம் நூற்றாண்டில் ஒரே பாறையைக் குடைந்து, முடிக்காமலே விட்ட வெட்டுவான் கோயிலும், சமணச் சிற்பங்களும், வட்டெழுத்துகளும் உள்ள மலை அது. ஏறும்போது எங்கள் கணக்கு ஆசிரியர் பின்தங்கினார். எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. "இன்னும் கொஞ்சந்தான் அண்ணாச்சி, உட்காராதீங்க" என்று நான் விரட்டிக்கொண்டே இருந்தேன். நேரம் போகிறதே என்ற எரிச்சல், குரலிலும் தெரிந்திருக்கும்.

திடீரென்று அவர் பாறையில் சரிந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறியது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுவிட்டு, அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டிருக்கிறார். நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. பையிலிருந்த உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். கீழே அழைத்து வந்து மருத்துவரிடம் காட்டினோம்.

"ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்றேன். "சொல்லியிருந்தா என்னைய விட்டுட்டுல்லா போயிருப்பிய" என்றார்.

அன்று இரவு என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். காலணியைக் கேட்டிருந்தேன், குப்பியைக் கேட்டிருந்தேன். "உடம்புக்கு ஏதும் உண்டா? காலையில் சாப்பிட்டீர்களா?" என்ற கேள்வி அதில் இல்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையையும் இதே குரலில்தான் "நிமிர்ந்து உட்காரு" என்று அதட்டியிருக்கிறேன். தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. என் ஒன்பதாம் வகுப்புக்கு இல்லை. சொன்னால் மதிப்புக் குறையும் என்று அந்தப் பிள்ளையும் மறைத்திருக்கலாம்.

இப்போது இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறோம். பயணப் பட்டியலின் முதல் வரி உடல்நிலை. ஆறு பேரும் மருத்துவரிடம் கேட்டு எழுதித் தந்திருக்கிறோம். எனக்கே ரத்த அழுத்தம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வகுப்பில், வருகைப் பதிவு எடுக்கும்போது தலை சாய்த்திருக்கும் பிள்ளையை அதட்டுவதில்லை. பக்கத்தில் போய், மற்றவர் காதில் விழாமல் கேட்கிறேன். மேசை இழுப்பறையில் கடலை மிட்டாய் இருக்கிறது.

அண்ணாச்சியை விட்டுவிட்டுப் போகப் போவதில்லை. கோட்டத்துக்கு இன்னொரு வழி உண்டு. அன்றைக்குக் குமுளியிலிருந்து ஜீப்புகள் மேலே போகும். மருத்துவர் சம்மதத்தோடு அவர் அந்த வழியில் வருகிறார். நாங்கள் நடந்து ஏறுகிறோம். மேலே சந்திப்போம், திரும்பி வந்து அந்த மாணவிக்கு ஆறு பேருமாகப் பதில் சொல்வோம்.