கழித்துப்போடும் கையே சான்று

(திருவேங்கடத்தில் பீடி சுற்றும் மகளிரிடையே ஆற்றிய பொழிவு)



நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவன், சட்டம் கற்றவனல்லன். எனினும் சொல்லால் நான் செய்த பிழையொன்றை முதற்கண் உங்கள்முன் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவியரின் குடும்பக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். 'தாயின் தொழில்' என்னும் இடம் வந்தபோது ஒரு சிறுமியைக் கேட்டேன். "அம்மா சும்மாதான் இருக்கா ஐயா, வீட்டுல பீடி சுத்துறா" என்றாள். நானும் 'தொழில் இல்லை' என்றே எழுதிவிட்டேன். அவள் கையிலிருந்த எழுதுபொத்தகம் அந்தச் 'சும்மா'வில் வாங்கியது என்பது பின்னரே உறைத்தது.

புறநானூற்றுப் புலவர்கள் பஞ்சுவேலை செய்தவளைப் 'பருத்திப் பெண்டு' என்று அவள் தொழிலாலேயே அழைத்தனர். இரவில் சிறுவிளக்கோடு அவளைக் காட்டினர். அக்காலத்தில் அவளுக்கிருந்த பெயரை, அப்பாடலை நடத்தும் நானே இக்காலத்தவளுக்கு மறுத்தேன்.

இலையை நனைக்கிறீர்கள்; தகடு வைத்து அளவாக வெட்டுகிறீர்கள்; தூளிட்டுச் சுருட்டி, நுனி மடக்கி, நூல் கட்டுகிறீர்கள். ஆயிரம் எண்ணிக் கடைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கிறது? 'இது தளர்வு, இது குட்டை' என்று ஒரு பிடியைக் கழித்துப்போடுகிறார்கள். கழித்ததற்குக் கூலியில்லை. இலை ஓட்டையாக இருந்தாலும், நிறை குறைந்தாலும், நீங்களே கைக்காசு போட்டு வாங்கி எண்ணிக்கையை நிறைவு செய்கிறீர்கள். பீடிக்கு நல்ல தமிழ்ப்பெயர் காணவேண்டும் என்று வரும் வழியில் நண்பரொருவர் கூறினார். காண்போம், ஆனால் சுற்றுபவளுக்குரிய பெயரை முதலில் காண்போம்.

1966-ஆம் ஆண்டிலேயே பீடித் தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுவோரையும் அது தொழிலாளராகவே கொண்டது. மூலப்பொருள் தருவது, பீடியைக் கழிப்பது, கழித்ததற்குக் கூலி ஆகியவை பற்றிய வழக்குகளைத் தீர்க்கவும் அதில் வழி இருந்தது. (அச்சட்டம் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பெற்றது.) 1977-இல் வருங்கால வைப்புநிதிச் சட்டமும் பீடித்தொழிலுக்கு விரிந்தது. முதலாளிமார் விடுவார்களா? 'வீட்டில் சுற்றுவோர் எம் வேலையாட்கள் அல்லர். அவர்களை நாங்கள் கண்காணிப்பதில்லை' என்று வழக்குத் தொடுத்தனர். இந்திய உச்சநயன்மன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. பீடி தரமாக இல்லையென்று கழிக்கும் உரிமை உமக்கு இருக்கிறதே, அதுவே கண்காணிப்பு. ஆகவே அவர்கள் உம் தொழிலாளரே என்பது அத்தீர்ப்பின் சாரம். தாய்மாரே, இதை மறவாதீர்கள். உங்கள் வயிற்றிலடிக்கும் அதே கைதான் உங்கள் உரிமைக்குச் சான்றும் சொல்கிறது!

பிறகேன் வைப்புநிதி பலர்க்கு எட்டவில்லை? ஒருத்தி பெயரில் கடைப்பொத்தகம். அதில் பதிவதோ மூவர் உழைப்பு. மற்ற இருவரும் கணக்கில் இல்லை. தீர்ப்பு இருந்தும் பெயர் இல்லையேல் என்ன பயன்?

இனிக் கூட்டுறவு. அகமதாபாத்தில் 1972-இல் எலா பட் அம்மையார் தற்றொழில் மகளிர்க்குத் தொழிற்சங்கம் கண்டபோது, 'வேலைதருவோர் இன்னார் என்று காட்டவியலாதவர்க்குச் சங்கமா?' என்று பதிவு மறுக்கப்பட்டது. உழைப்போர் தமக்குள் ஒன்றுசேரவே சங்கம் என்று வாதிட்டுப் பதிவைப் பெற்றனர். அதனினும் நமக்கு அணித்தானது கண்ணூர். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரள அரசு 1968-இல் நடைமுறைப்படுத்தியதும், மங்களூர் முதலாளிமார் அங்கிருந்த வேலைத்தலங்களை இழுத்து மூடினர். ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றனர். அவர்களே 1969-இல் அரசின் துணையோடு 'தினேசு பீடி' கூட்டுறவைத் தொடங்கினர். எண்பதுகளில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். இலையைக் கழித்தாலும் பீடியைக் கழித்தாலும் அது அவர்கள் கணக்கு, இடையாள் இல்லை.

ஒளிவின்றிச் சொல்கிறேன்: பீடி நல்ல பொருளன்று. பிடிப்பவன் நெஞ்சையும் கெடுக்கும். தூளிலே நாளெல்லாம் அமர்ந்திருக்கும் உங்கள் இருமலும் எனக்குக் கேட்கிறது. கண்ணூரிலும் பின்னர் விற்பனை சரிந்தது, ஆள் குறைந்தது. ஆனால் கூட்டுறவு மடியவில்லை. உணவுப்பொருள், குடை என்று வேறு தொழில்களுக்குத் திரும்பியது. தனியொருத்தி அவ்வாறு திரும்ப முதலுக்கு எங்கே போவாள்? கூட்டுறவில் இடரே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணக்கு நம் கையில் இல்லாத கூட்டுறவு இன்னொரு கடையாகிவிடும். ஆகவே கணக்கெழுத உங்களுள் இருவரேனும் பழகவேண்டும்.

வரும் ஞாயிறு காலை இவ்விடத்திற்கே வாருங்கள். கடைப்பொத்தகம் உடையவர் அதையும், அடையாள அட்டை உடையவர் அதையும் கொண்டுவாருங்கள். இரண்டும் இல்லாதவர், எத்தனை ஆண்டாக, எந்தக் கடைக்கு, ஆயிரத்துக்கு என்ன கூலிக்குச் சுற்றுகிறீர்கள், கிழமைக்கு எவ்வளவு கழிகிறது என்பதை வாயால் சொன்னாலே போதும். உட்கார்ந்து நானே எழுதித்தருகிறேன்.