மதுவிலக்கும் நம் குல வழக்கங்களும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



மது கெடுதியென்று இச்சபையில் நிரூபிக்க நாம் முன்வரவில்லை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதை எடுத்தோதாத ஆண்டு விழாவும் நம்மிடையே இல்லை. அங்ஙனமிருந்தும், பிரேத ஊர்வலத்தின் முன் ஆடுவோர்க்கான சாராயச் செலவு சாவு வீட்டுக் கணக்கில் தனி வரியாக ஏறுகின்றது.

சட்டமே போதுமென்பாரும் உளர். சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு அமலாயிற்று. 1948-இல் சென்னை ராஜதானி முழுமைக்கும் பரவிற்று. 1971-இல் தளர்ந்தது. பின்னர் மூடுவதும் திறப்பதுமாய்ச் சென்று, 2003 முதல் அரசாங்கக் கழகமே சில்லறைக் கடை நடத்துகின்றது. கடைகள் இருந்தும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரை மாய்த்தது. சட்டம் நம் கையிலில்லை. நம் வழக்கங்கள் நம் கையில் உள்ளன.

முன்னாளில் குடித்தவனைச் சபையில் நிறுத்தி அபராதம் விதித்தோம். அதனை மெச்சிப் பேசியவருள் நாமும் ஒருவர்; இப்பொழுது அது பிழையென்றே கருதுகிறோம். அபராதம் யார் கையிலிருந்து வந்தது? மனைவியின் தோட்டை அடகு வைத்தன்றோ! அன்றியும், பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமென்று அஞ்சித் தகப்பனின் குடியை மறைக்கும் குடும்பங்கள் வைத்தியத்தையும் மறைக்கின்றன. நோய் முற்றிய பின்னரே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கின்றன.

கோயிலில் கயிறு கட்டி நிறுத்துவோரைக் குறித்து ஒரு வார்த்தை. பக்தியை யாம் குறை கூறோம். ஆயினும் பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தின், இரண்டு மூன்று தினங்களுக்குள் கைநடுக்கமும், சிலருக்கு இழுப்பும் சித்தப்பிரமையும் காணும். உயிருக்கே அபாயமாதலும் உண்டு. ஆகலின் கயிறு கட்டுமுன் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். அவர் அறியாமல் சோற்றில் மருந்துப் பொடி கலப்பதோ அதனினும் கொடிது. அம்மருந்துகளுள் சில, மேலே மது சேர்ந்தால் இரத்த அழுத்தத்தைச் சரித்து உயிரை மாய்க்க வல்லன.

1992-இல் நெல்லூர் ஜில்லா தூபகுண்டா கிராமத்து மாதர் எழுத்தறிவு வகுப்பில் கூடிப் பேசியே சாராயக் கடையை மூடுவித்தனர். அக்கிளர்ச்சி பரவி, 1993-இல் ஆந்திர தேசத்தில் சாராய விற்பனை தடுக்கப்பட்டது. நம் நிர்வாக சபையிலோ மாதர்க்கு ஓர் ஆசனமும் இல்லை.

ஆதலின் மாலைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் கொணர்வோம். சுபாசுபங்களில் மது வழங்கும் வீட்டுக்குச் சங்கத்தின் பாத்திரமும் பந்தலும் அளிப்பதில்லை என்பது ஒன்று. குடி நோய்க்குச் சிகிச்சை பெற்றவர் வீட்டுச் சம்பந்தத்தை அக்காரணம் பற்றி விலக்குவதில்லையென நிர்வாகிகள் முதலில் தம் வீட்டளவில் ஒப்பமிட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆட்சேபம் எழுமென அறிவோம். ஆட்சேபிக்கும் அன்பர்கள் தாழ்வாரத்தில் பேசாது, தாய்மார்கள் அமர்ந்திருக்கும் இம்மண்டபத்திலேயே எழுந்து சொல்லுமாறு வேண்டுகிறோம்.