அகமும் அரணும்: வீட்டில் மின்னிலக்கப் பாதுகாப்பு



இலக்கியமும் இலக்கணமும் பேசப்படும் இச்சொற்பொழிவு வரிசையில் கைத்தொலைபேசியின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டபோது, அது கணினித் துறையினருக்கு உரிய பொருளன்றோ என்று முதலில் தயங்கினேன். பின்னர் என் குடும்பத்திலேயே நேர்ந்த ஒரு நிகழ்வு நினைவுக்கு வந்தது, தயக்கம் நீங்கியது. நம் வீடுகளில் இப்பாதுகாப்பு பெரும்பாலும் கருவியில் குலைவதில்லை. உரிய சொல் உரியவரை உரிய மொழியில் சென்றடையாத இடத்தில் குலைகிறது. ஆகவே இது மொழியாசிரியர்களுக்கும் மொழி மாணவர்களுக்கும் உரிய பொருளே என்பதை உங்கள்முன் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பூட்டை உடைக்காத திருடர்

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் மட்டும் மோசடிகளால் மக்கள் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளி. காவல்துறைக்கு வந்த புகார்கள் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டவை. இவற்றில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் அதிகமானவற்றில், பணத்தை அனுப்பியவர் அதனை இழந்தவரே. எவரும் கணினியைத் துளைத்து உள்ளே நுழையவில்லை. உரிமையாளரே கதவைத் திறந்து, பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்.

இதனை முதியோரின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பான்மையினர் ஐம்பது வயதுக்கு உட்பட்டோர். எனினும், தலைக்குச் சராசரியாக மிகுதியான தொகையை இழந்தவர்கள் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். இளையோர் அடிக்கடி ஏமாறுகிறார்கள். முதியோர் ஒருமுறை ஏமாறும்போது வாழ்நாள் சேமிப்பை இழக்கிறார்கள்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. உண்மையான வங்கிச் செய்திகள் வரும் அதே வரிசையிலேயே அவையும் வந்து நின்றன. ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். அதன்பின் பல சீர்திருத்தங்கள் வந்தன. வங்கிகள் குறுஞ்செய்திகளில் இணைப்புகள் அனுப்புவதை நிறுத்தின. பதிவு செய்யப்படாத பெயரில் வரும் குறுஞ்செய்திகள், 2023 ஜனவரி இறுதி முதல், மோசடியாக இருக்கலாம் என்னும் பொருள்படும் முத்திரையுடன் வருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த முத்திரை ஆங்கிலத்தில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போகும் நிகழ்வைக் கேளுங்கள்.

பெரியம்மாவின் கைத்தொலைபேசி

என் பெரியம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. தமிழ் நாளிதழை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். ஆங்கிலத்தில் பேருந்து எண்ணையும் தம் பெயரையும் படிப்பார். ஒருநாள் பிற்பகல், வீட்டில் எவரும் இல்லாத வேளையில், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் அழைத்தான். தமிழில்தான் பேசினான். "அம்மா, உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கப் பார்க்கிறார்கள்; உடனே தடுக்க வேண்டும்," என்றான். பத்து நிமிடத்தில் பெரியம்மாவின் தொலைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. அவன் கேட்டான், அவர் படித்துக் காட்டினார். ஒன்பதாயிரம் வெள்ளி போயிற்று.

அந்த எண் வந்த அதே குறுஞ்செய்தியில், இதனை எவரிடமும் சொல்லாதீர்கள் என்னும் எச்சரிக்கையும் இருந்தது, ஆங்கிலத்தில். மோசடி செய்தவன் அவருடைய மொழியில் பேசினான். காப்பாற்ற வந்த வாக்கியம் அவர் அறியாத மொழியில் இருந்தது. அதுவரை அந்த வரியை அவர் நூறு முறையாவது பார்த்திருப்பார். அதன் பொருள் என்ன என்று அவரும் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு அதன்பின் நேர்ந்தது. நான்கு மாதங்கள் அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. உடனே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை முடக்கியிருக்கலாம். ஒரு பகுதியையேனும் மீட்க வழி பிறந்திருக்கலாம். "ஏன் பெரியம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "எல்லாரும் சிரிப்பீங்க தம்பி, இந்த வயசுல எனக்கு எதுக்கு போனுன்னு பிடுங்கிடுவீங்க," என்றார்.

அவர் அஞ்சியது போலவே நடந்தது. விவரம் தெரிந்தவுடன் அவருடைய மகன் தொலைபேசியை வாங்கி, எல்லா மறைச்சொற்களையும் மாற்றி, வங்கிச் செயலியைத் தம் தொலைபேசிக்கு மாற்றிக்கொண்டார். அன்பினால் செய்ததுதான். ஆனால் தோழியர் அனுப்பும் செய்திகளையும் மருத்துவமனைக் குறிப்புகளையும் வேறொருவர் பார்த்த பின்னரே பெரியம்மா பார்க்கும் நிலை வந்தது. திருடன் பணத்தைக் கொண்டுபோனான். அவருடைய அந்தரங்கத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இதனைச் சரிசெய்ய எங்களுக்கு ஓராண்டு பிடித்தது. இப்போது அவர் வீட்டில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் தமிழில் எழுதிய ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் ஐந்தே வாக்கியங்கள்: "தொலைபேசிக்கு வரும் எண்ணை வங்கிக்காரர் கேட்கமாட்டார். அவசரப்படுத்துபவர் யாராயினும் அழைப்பைத் துண்டிக்கலாம். அது மரியாதைக் குறைவன்று. சந்தேகம் வந்தால் 1799ஐ அழைத்துக் கேட்கலாம். ஏமாந்துவிட்டால் உடனே வங்கியையும் மகனையும் அழைக்க வேண்டும், எவரும் கோபிக்க மாட்டோம்." ஐந்தாவது வாக்கியத்தின் இறுதிப் பகுதியை எழுதச் சொன்னவர் அவருடைய மகன்.

குறளை மறைச்சொல் ஆக்கலாமா?

இனி வகுப்பறைக்கு வருவோம். மாணவர்கள் சிலர் தாம் விரும்பும் குறளின் முதற்சீர்களை ஆங்கில எழுத்தில் தட்டி மறைச்சொல்லாக வைத்துக்கொள்வதாக என்னிடம் கூறியதுண்டு. தமிழ்ப்பற்று பாராட்டுக்குரியது, பாதுகாப்பு குறைவு. குறள்கள் மொத்தம் 1,330. ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் நூறு விதமாக எழுதலாம் என்று வைத்துக்கொண்டாலும் வருவது 133,000 மட்டுமே. கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேர வேலை. உலகறிந்த வரி எதுவும் மறைச்சொல் ஆகாது. அது திரைப்பாடலாயினும் திருமறையாயினும் சரி.

மாறாக ஒரு வகுப்புப் பயிற்சியைச் சொல்கிறேன். வகுப்பில் 36 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் ஒன்றுபோல் மற்றொன்று வராமல் 36 எளிய தமிழ்ச் சொற்களைத் தரட்டும்: முருங்கை, ஏணி, புழுதி, சுண்டல் என்பன போல. மொத்தம் 1,296 சொற்கள் கொண்ட பட்டியல் கிடைக்கும். நான்கு பகடைகளை உருட்டினால் வரக்கூடிய விளைவுகளும் சரியாக 1,296. ஒவ்வொரு மாணவரும் வீட்டிற்குச் சென்று, பகடையை உருட்டி ஐந்து சொற்களைத் தனியே தேர்ந்தெடுக்கலாம். அவற்றை வரிசையாக எழுதினால் மறைச்சொற்றொடர் ஒன்று கிடைக்கும். பட்டியல் முழுவதும் திருடன் கையில் கிடைத்தாலும், அவன் முயல வேண்டிய சேர்க்கைகளின் எண்ணிக்கை பதினாறு இலக்கம் கொண்டது. தேர்வைப் பகடைக்கு விடுவதில்தான் வலிமை இருக்கிறது. நாமே தேர்ந்தெடுத்தால் பிறந்தநாளும் பிள்ளையின் பெயரும் வந்து அமர்ந்துவிடும்.

மின்னஞ்சல், வங்கி, சிங்பாஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரே மறைச்சொல் கூடாது. குறிப்பாக மின்னஞ்சலுக்குத் தனிச் சொற்றொடரும் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பும் தேவை; ஏனெனில் மற்றக் கணக்குகளின் மறைச்சொற்களை மாற்றும் வழி பெரும்பாலும் அதன் ஊடாகவே செல்கிறது. நினைவில் வைக்க இயலாத முதியவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைக்கலாம். எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லை வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். வெளிநாட்டுத் திருடனால் நம் அலமாரியைத் திறக்க முடியாது.

சுவரில் இருக்கும் கண்கள்

வீட்டுக் கருவிகளையும் சற்றே நோக்குவோம். 2020 அக்டோபரில், வீடுகளில் பொருத்தப்பட்ட இணையப் படக்கருவிகளிலிருந்து களவாடப்பட்ட காட்சிகள் இணையத்தில் பரவிய செய்தி வெளிவந்தது. சிங்கப்பூர் வீடுகளின் காட்சிகளும் அவற்றில் இருந்தன. குழந்தையைக் கவனிக்க வைத்த கருவி, அறிமுகமற்றோர் எட்டிப்பார்க்கும் சன்னலாயிற்று. அதே மாதத்தில் இணையப் பாதுகாப்பு அமைப்பு, வீட்டுக் கருவிகளுக்கு நான்கு நிலைகள் கொண்ட பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. 2021 ஏப்ரல் முதல் இங்கு விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் குறைந்தபட்ச நிலையையாவது எட்டியிருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை மூன்று. அந்த ஆண்டுக்கு முன் வாங்கிய ரவுட்டர் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்தியிருந்தால் மாற்றிவிடுங்கள். படக்கருவியுடன் வந்த மறைச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். படுக்கையறையில் அக்கருவி தேவைதானா என்று குடும்பத்தோடு கலந்து பேசுங்கள். மூன்றாவது வேலைக்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. கேட்கும் மனம் போதும்.

பெயர் சுட்டா மரபு

அந்தரங்கம் என்பது மேலைநாட்டுக் கருத்து, கூட்டுக் குடும்பத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்வோர் உண்டு. நம் இலக்கணம் அவ்வாறு சொல்லவில்லை. அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. காதலும் ஊடலும் பிரிவும் உலகறியப் பாடப்படலாம். அவை இன்னாருக்கு உரியவை என்பது மட்டும் வெளிப்படலாகாது. வீட்டையும் மனத்தையும் அகம் என்னும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது.

இன்று குடும்பக் குழுக்களில் பகிரப்படும் படங்களை இந்த மரபோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளிச் சீருடையில் குழந்தை நிற்கிறது. சட்டையில் பெயர் இருக்கிறது. பின்னணியில் அடுக்குமாடிக் கட்டட எண் தெரிகிறது. தேர்வு முடிவுச் சீட்டில் அடையாள எண் மறைக்கப்படாமல் இருக்கிறது. தாத்தாவின் மருத்துவமனைப் படம் அவரைக் கேட்காமலேயே நாற்பது பேருக்குச் செல்கிறது. பகிர்வதில் தவறில்லை. பெயரையும் இடத்தையும் எண்ணையும் நீக்கிவிட்டு, படத்தில் இருப்பவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் பகிரலாம். குழந்தையிடமும் கேட்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: கட்டுரைப் பயிற்சியில் ஒருமுறையேனும் ஓர் எச்சரிக்கைச் செய்தியைப் பாட்டிக்குப் புரியும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கில எச்சரிக்கையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பாட்டிக்குப் புரியாது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். மொழியின் பயனை அவர்களுக்கு உணர்த்த இதைவிட நேரான வழியை நான் அறியேன்.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: பாட்டியின் தொலைபேசியை வாங்கி நீங்கள் தட்டாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுங்கள். விரல் அவருடையதாக இருக்கட்டும். அவர் தவறு செய்துவிட்டால் சிரிக்காதீர்கள். இன்று சிரித்தால், நாளை பெரிய தவறு நேரும்போது அவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

2025 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, மோசடிக்காரரை நம்பிப் பணம் அனுப்பத் துணிந்து, எவர் சொல்லியும் கேளாத ஒருவரின் வங்கிப் பரிவர்த்தனைகளைக் காவல்துறை தற்காலிகமாகத் தடுத்து வைக்கலாம். வேறு வழிகள் பலிக்காதபோது கைக்கொள்ளும் கடைசி வழி அது. அதற்கு முந்தைய வழிகளில் முதலாவது குடும்பத்தார் பேசும் பேச்சு. அப்பேச்சு முன்பே பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் செல்லுபடியாகும்.

திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண். கோட்டையின் உயரத்தையும் அகலத்தையும் திண்மையையும் சொல்லிவரும் வள்ளுவர், உள்ளிருப்போரின் செயல்திறத்தில் வந்து அதிகாரத்தை முடிக்கிறார். நம் வீட்டு அரணும் அத்தகையதே. பெரியம்மா இப்போது தம் தொலைபேசியைத் தாமே வைத்திருக்கிறார். சென்ற மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்ததும் என்னை அழைத்து, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு," என்றார். உண்மையான செய்திதான், நூலக நினைவூட்டல். இருந்தாலும் அவர் கேட்டாரே என்று மகிழ்ந்தேன்.