சோர்ந்த நாளும் நெடுந்தூர ஓட்டமும்



செகிஞ்சான் வயல்வெளிச் சாலைகள் நேரானவை, நிழலற்றவை. வேலைக்குச் செல்லுமுன் அங்கே மாரத்தான் பயிற்சி செய்யும் இளைஞர், சில நாள்களில் வழக்கமான தூரத்தில் பாதியைக்கூடக் கடக்க இயலாமல் அமர்ந்துவிடுவதுண்டு. 'இது நமக்கு ஆகாது' என்னும் எண்ணம் தலைதூக்குவது அப்போதுதான்.

அந்நாளின் குற்றம் பெரும்பாலும் அவரிடம் இல்லை. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. சூட்டைத் தணிக்கக் குருதி தோலை நாடுகிறது. அதே வேகத்திற்கு இதயம் மிகுதியாக உழைக்க நேர்கிறது. முன்னிரவு உறக்கமும் உணவும் குறைந்திருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. சோர்வு பல நாள் நீடித்தாலோ நெஞ்சு வலித்தாலோ மருத்துவரைக் காண்பதே முறை. அங்கே மனவுறுதி பேசுவது அறியாமை.

தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய முன்னோர் இதனை நன்கறிவர். விடியலில் மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. கூலி போனதும் உண்மை, வருத்தமும் உண்மை. ஆயினும் அதற்காகக் கத்தியை வீசி எறிந்தவர் இல்லை.

1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்றார். 4 மணி நேரத்திற்கும் மேல் நடந்த பின்னர் இரண்டாமவரை அவர் முந்தியது அரை நிமிடத்திற்கும் குறைவே. அச்சிறு இடைவெளி எந்நாளின் பயிற்சியால் விளைந்தது என்று எவரால் பிரித்துக் கூற இயலும்?

விட்ட தூரத்தை மறுநாளே சேர்த்து ஓட முனைதல் தவறு. உடல் வலுப்பெறுவது ஓய்வின்போதே. நன்றாக உறங்கி, ஒரு நாள் கழித்து, வாய்க்கால் பாலம் வரை மெதுவாக ஓடித் திரும்பினால் போதும்.