வழி தெரிந்தவன்

எதிரணியிலே பேசிய தங்கை, "வாழ்க்கைக்கு வழிகாட்டுவது படிப்பறிவே" என்று அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நானும் படித்தவன்தாம்மா. டாக்டர் பட்டம் வாங்கியவன். கூதிர்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை என்று 30 வருஷமாக வகுப்பிலே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்தக் கூதிர் வயல்வரப்பிலே எப்படி இருக்கும்னு எங்க கருப்பனைத்தான் கேட்கணும். கருப்பன் யாருன்னு பார்க்கறீங்களா? ஊரில் அப்பா வளர்க்கிற நாய்ங்க!

அப்பாவுக்கு 80 தாண்டிவிட்டது. மறதி நோய். சில நாள் என் பேரே நினைவில் இல்லை. ஆனா சாயங்காலமானா கருப்பனோடு வயலைச் சுற்றி வந்தாகணும். கார்த்திகை தீபத்துக்குப் போனப்போ நானும் கூடப் போனேன். வேலியெல்லாம் செங்காந்தள். வாய்க்கால் நிறையத் தண்ணி. சட்டென்று இருட்டிக்கொண்டு தூறல். வரப்பு பிரிகிற இடத்திலே அப்பா நின்னுட்டார். "எந்தப் பக்கம்டா?" என்கிறார். எனக்கு எங்கே தெரியும்? நான் ஊரை விட்டுப்போய் 35 வருஷம்!

கருப்பன் முன்னாலே போனான். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தான். அப்பா நடந்தார். ஓரிடத்தில் கருப்பன் அசையாமல் நின்று உறுமினான். அப்பா என் கையைப் பிடித்து, "நில்லு, விரியன் கிடக்கும்" என்றார். பெற்ற பிள்ளையின் பேரை மறந்தவருக்கு அந்த உறுமல் புரிந்ததய்யா!

வீடு வந்ததும் அம்மா முதல் தோசையைக் கருப்பனுக்குப் போட்டாங்க. இரண்டாவது அப்பாவுக்கு. டாக்டர் பட்டத்துக்கு மூணாவது. அதுவும் தீஞ்சது!