உடற்பயிற்சியும் மேலதிக உணவும்

மாலை வேளையிற் கொழும்பு காலி முகத்திடலுக்குச் செல்வோர் இருவகைக் காட்சிகளை ஒருங்கே காண்பர். ஒருபுறம், உடலின் எடையைக் குறைக்கும் நோக்குடன் வியர்வை சிந்த விரைந்து நடப்போர். மறுபுறம், கொதிக்கும் எண்ணெயில் இறால் வடை பொரித்து விற்கும் சிறு கடைகள். நடை முடிந்ததும் அக்கடைகளை நோக்கித் திரும்புவோரும் உளர். "இவ்வளவு தூரம் நடந்தாயிற்று, இனி ஒரு வடை தின்றால் என்ன வந்துவிடும்?" என்பது அவர்தம் வாதம். "நடந்த உடம்புக்கு ஊட்டம் கொடாவிட்டாற் களைப்பும் நோயும் வரும்" என்று வீட்டிலுள்ள பெரியோர் எச்சரிப்பதும் உண்டு. இவ்விரு கூற்றுகளிலும் எத்துணை உண்மை இருக்கின்றது? எடையைக் குறைக்க முயல்பவர், உடற்பயிற்சி செய்த நாளில், வழக்கத்திலும் கூடுதலாக உண்ணல் வேண்டுமா?

வினா சிறியதாகத் தோன்றினும் அதன் விளைவு சிறியதன்று. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், முழங்கால் நோ முதலியவற்றின் பொருட்டு எடையைக் குறைக்குமாறு வைத்தியராற் பணிக்கப்பட்டோர் பலர், இரண்டு மூன்று மாதம் தவறாது நடக்கின்றனர். தராசின் முள்ளோ அசைவதில்லை. "நடந்தும் பயனில்லை" என்று மனஞ்சலித்து நடையையே கைவிட்டுவிடுகின்றனர். எடையும் குறையவில்லை; நடையால் வரவேண்டிய நன்மையும் போயிற்று. இந்த இழப்புக்குக் காரணம் பெரும்பாலும் நடையின் குறையன்று. நடைக்குப் பின் உண்ணப்படும் உணவைப் பற்றிய தவறான கணக்கேயாம்.

அக்கணக்கை அறிதற்கு முதலில் உணவின் இயல்பை அறிதல் வேண்டும். சுவாசமும் ஒருவகை எரிதலே என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சிய இரசாயன அறிஞர் இலவோசியே காட்டினார். உழைக்கும் மனிதன் ஓய்ந்திருப்பவனிலும் மிகுந்த ஒட்சிசனைச் செலவிடுகிறான் என்பதும் அவர் கண்ட உண்மை. ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின்னர், 1890களில், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அற்வாற்றர் என்பார் மூடிய அறையொன்றை அமைத்தார். மனிதர் அதனுள் நாட்கணக்கிற் தங்கி, உண்டு, உறங்கி, உழைக்கலாம். அவர்தம் உடலினின்றும் வெளிப்படும் வெப்பம் முழுவதும் அளக்கப்படும். மாப்பொருள் ஒரு கிராமில் 4 கலோரியும், புரதம் ஒரு கிராமில் 4 கலோரியும், கொழுப்பு ஒரு கிராமில் 9 கலோரியும் உண்டென இன்றும் வழங்கும் அளவுகள் அவரது ஆராய்ச்சியின் பயனாகப் பெறப்பட்டவை. உண்டது செலவிலும் மிகுந்தால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். செலவு மிகுந்தால் சேர்ந்திருந்த கொழுப்புக் கரையும். விதி இவ்வளவே. விதியை அறிந்தும் மாந்தர் தவறுவது அளவிலேயாம்.

எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் சற்று விரைந்து நடந்தால் ஏறத்தாழ 120 கலோரி செலவாகும். ஆயின் அதே அரைமணி நேரம் அவர் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்திருந்தாலும், இதயம் துடிக்கவும் மூச்சு இயங்கவும் 35 கலோரியளவு செலவாகியே இருக்கும். அதனைக் கழித்தால், நடையினால் உண்டான மேலதிகச் செலவு 85 கலோரி மாத்திரமே. ஒரு கோப்பைத் தேநீரில் மூன்று தேக்கரண்டி சீனி இட்டால் அச்சீனியில் மட்டும் 60 கலோரி உண்டு. பால்மாவையும் சேர்த்துவிட்டால், நடையால் ஈட்டியது முழுவதும் அக்கோப்பையினுள்ளே கரைந்துபோகும். கால் இறாத்தல் பாணில் 280 கலோரியளவு உண்டு. அதனை நடந்தே செலவிட எண்ணுபவர் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நடத்தல் வேண்டும். பொரித்த பண்டங்களின் கணக்கோ இன்னும் வஞ்சகமானது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரியளவு அடங்கும். வடை எவ்வளவு எண்ணெயைக் குடித்திருக்கின்றது என்பதை உண்பவர் கண்ணாற் கண்டறிய முடியாது.

இத்தவறு கல்வியறிவில்லாதார்க்கே உரியதென எண்ணலாகாது. எத்தனை முறை முயன்றும் எடை குறையவில்லை என்று முறையிட்ட சிலரை நியூயோர்க் நகர ஆராய்ச்சியாளர் சோதித்து, 1992ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். அவர்தம் உடல் வலுவைச் செலவிடும் முறையில் எக்குறையும் காணப்படவில்லை. ஆனால் தாம் உண்டதெனக் கூறியதிலும் உண்மையில் உண்டது மிகப் பெரிதாயிருந்தது. உண்ட உணவில் ஏறத்தாழப் பாதி அவர்தம் கணக்கில் வரவேயில்லை. செய்த உடலுழைப்பையோ அவர்கள் ஒன்றரை மடங்காக மதிப்பிட்டிருந்தனர். பொய்யுரைக்கும் எண்ணம் அவர்க்கு இல்லை. உண்டது மறந்துபோகும், உழைத்தது நினைவில் நிற்கும் என்பது மனித இயல்பு.

இக்காலத்திற் கைக்கடிகாரம்போற் கட்டப்படும் கருவிகளும் செலவான கலோரியைக் காட்டுகின்றன. அவற்றை நம்பி, கருவி காட்டிய அளவுக்கு மேலதிகமாக உண்போரும் உளர். அத்தகைய ஏழு கருவிகளை அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் அறுபது பேரைக் கொண்டு சோதித்து 2017ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இதயத் துடிப்பை அவை பெரும்பாலும் செவ்வனே அளந்தன. கலோரிக் கணக்கிலோ மிகச் சிறந்த கருவியும் சராசரி நூற்றுக்கு 27 வீதம் பிழைத்தது. நாடித்துடிப்புக்கு அக்கருவி துணையாகலாம். உணவை அளக்கும் படியாகாது.

இனி, பசியின் போக்கை நோக்குதல் தகும். உடற்பயிற்சியினால் எடை குறைய வேண்டிய அளவுக்கு ஏன் குறைவதில்லை என்பதை விளக்கும் அமெரிக்க ஆராய்ச்சியொன்று 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாதவிடாய் நின்ற, பருமனான பெண்கள் 464 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினர் பயிற்சி செய்யவில்லை. ஏனையோர் சிறிது, நடுத்தரம், மிகுதி என மூவகை அளவிற் பயிற்சி செய்தனர். ஆறு மாதத்தின் முடிவிற் சிறிதளவும் நடுத்தர அளவும் பயிற்சி செய்தோரின் எடை எதிர்பார்த்தபடியே குறைந்தது. மிகுதியாகப் பயிற்சி செய்தோர்க்கோ கணக்கின்படி 2.7 கிலோகிராம் குறைந்திருக்க வேண்டும். உண்மையிற் குறைந்தது 1.5 கிலோகிராம் மட்டுமே. பயிற்சி மிக மிக, உடலும் மனமும் ஏதோவொரு வழியில் அதனை ஈடுசெய்துகொள்கின்றன. சற்றுக் கூடுதலான உணவு, சற்றுக் கூடுதலான ஓய்வு, "இன்று பயிற்சி செய்துவிட்டேன்" என்ற திருப்தி ஆகிய யாவும் இவ்வீட்டிற்குத் துணைபுரிவன. எனினும் பயிற்சி செய்த மூன்று பிரிவினரதும் இடைச் சுற்றளவு குறைந்திருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. தராசு காட்டாத நன்மையை இடைவார் காட்டிற்று.

ஆயின் உழைத்தபின் கூடுதலாக உண்பது எவர்க்கும் தவறென்று இதனாற் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. இதனைத் தெளிவிப்பது மேற்கு வங்காளத்தில் நிகழ்ந்த வேறோர் ஆராய்ச்சி. ஜீன் மேயர் என்னும் போசணை அறிஞரும் இந்திய அறிஞர் இருவரும் அங்கே சணல் ஆலையொன்றைச் சார்ந்த 213 ஆடவரை ஆராய்ந்து 1956ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நாள் முழுவதும் கடையில் அமர்ந்திருக்கும் கடைக்காரரும், எழுதுவினைஞரும், பாரஞ் சுமக்கும் கூலியாளரும் அவருள் இருந்தனர். இலேசான வேலையினின்று கடும் வேலை வரையிற் செல்லச் செல்ல உண்ணும் உணவும் கூடிற்று. எடையோ பெரிதும் மாறவில்லை. அஃதாவது, உழைப்பாளியின் பசி அவனது உழைப்பைச் சரியாக அளந்து கேட்டது. ஆனால் ஓரிடத்தில் அமர்ந்தே காலங்கழித்தோர், உழைப்புக் குறைந்தும் உணவிற் குறையாது, பாரஞ் சுமப்போர்க்கு நிகராக உண்டனர். எடையும் அவர்க்கே மிகுந்திருந்தது. உடல் அசையாதபோது பசி என்னும் அளவுகோல் பிழைபடுகின்றது என்பது இவ்வாராய்ச்சி தரும் படிப்பினை.

ஆதலின் விடை ஆளுக்கு ஆள் வேறுபடும். மலைச்சரிவிற் கூடை சுமந்து கொழுந்து கொய்யும் பெண்ணும், வயலில் மண்வெட்டி பிடிப்பவரும், கடலில் வலை இழுப்பவரும் தம் உழைப்புக்கேற்ப உண்ணல் வேண்டும்; அவர்தம் உணவைக் குறைக்கச் சொல்வது கேடாகும். வளரும் பிள்ளைகள், கருவுற்ற தாய்மார், பாலூட்டும் தாய்மார், இயல்பாகவே மெலிந்தோர் ஆகியோர்க்கும் இவ்வறிவுரை உரியதன்று. ஒரு மணித்தியாலத்திற்கு மேல் இடைவிடாது ஓடுவோரும், போட்டிக்காகப் பயில்வோரும் செலவான வலுவை மீட்டற்கு உண்ணுதல் முறையே. அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிந்து, எடையைக் குறைக்கும் பொருட்டு நாள்தோறும் அரைமணி அல்லது முக்கால் மணி நேரம் நடப்பவர்க்கோ மேலதிக உணவு தேவையில்லை. அவர் உடலிற் சேர்ந்திருக்கும் கொழுப்பே அந்நடைக்கு வேண்டிய உணவு. அதனைச் செலவிடவே அவர் நடக்கின்றார்.

இங்கே ஒரு விதிவிலக்கை அழுத்திக் கூறுதல் அவசியம். நீரிழிவுக்காக இன்சுலின் ஏற்றுவோரும், கிளிபென்கிளமைட்டு, கிளிக்கிளசைட்டு போன்ற மாத்திரை உட்கொள்வோரும் உடற்பயிற்சியினாற் குருதிச் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழும் நிலைக்கு ஆளாகலாம். கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல், தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். இவை தோன்றினால் நடையை உடனே நிறுத்தி, 15 கிராம் சீனி, அஃதாவது மூன்று தேக்கரண்டி, நீரிற் கரைத்து அருந்தல் வேண்டும். அவ்வேளை எடையைப் பற்றி எண்ணுதல் மடமை. கடும் பயிற்சியின் விளைவாக அன்றிரவு உறக்கத்திலும் சீனி தாழக்கூடும். எனினும் ஒவ்வொரு நடையின்போதும் இவ்வாறு உண்ண நேர்ந்தால், எடை குறைவதற்கு வழியில்லை. அத்தகையோர் வைத்தியரை நாடி, மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று கேட்டறிதலே முறை, தாமாகக் குறைத்தலாகாது. மெற்போமின் மாத்திரை மட்டும் உட்கொள்வோர்க்கு இவ்வாபத்து அரிது.

மேலதிக உணவு வேண்டியதில்லை என்பது பட்டினி கிடத்தல் என்று பொருள்படாது. நடந்தபின் பசி எடுத்தால், அப்பசியை அன்றைய உணவின் அளவுக்குள்ளேயே தீர்க்கும் வழியுண்டு. நடையின் நேரத்தை உணவு நேரத்தோடு பொருத்துவதே அது. காலையில் நடப்பவர் நடை முடிந்ததும் காலையுணவை உண்ணலாம். மாலையில் நடப்பவர் இராவுணவைச் சற்று முற்படுத்திக்கொள்ளலாம். அவ்வாறாயின் நடைக்குப் பின் உண்பது புதியதோர் உணவன்று. எப்படியும் உண்ண வேண்டிய உணவே. நடைபாதையில் இலைக்கஞ்சி வாங்கி அருந்துபவர் அதனைக் காலையுணவின் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும். வீட்டிற்குச் சென்று இடியப்பமும் சொதியும் வழக்கம்போல் உண்டால் அது இரண்டாம் உணவாகிவிடும்.

அவ்வுணவிற் புரதம் இடம்பெறுதல் நன்று. எடை குறையும்போது கொழுப்பு மட்டுமன்றித் தசையும் ஓரளவு குறையும். அவித்த முட்டை, மீன், பருப்பு, கடலை முதலியவற்றை உண்டு, பாரந் தூக்கும் பயிற்சியையும் இயன்றளவு செய்து வந்தால் தசை காக்கப்படும். பருப்பையும் மீனையும் மரக்கறியையும் கூட்டிச் சோற்றைக் குறைத்தால் வயிறு நிறையும், அளவும் மிஞ்சாது. நடந்தவுடன் தோன்றும் உணர்ச்சி சில வேளை பசியன்றித் தாகமாகவும் இருக்கலாம். நம் நாட்டு வெயிலில் இது பெரிதும் நிகழ்வது. முதலில் நீர் அருந்திச் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தல் நலம். செவ்விளநீரும் சீனி கலந்த குளிர்பானமும் நீருக்கு ஒப்பாகா. அவற்றிலும் கலோரி உண்டு. நீர் அருந்திய பின்னும் பசி நீங்காவிடின், ஒரு கொய்யாப்பழமோ ஒரு சிறங்கை அவித்த கடலையோ உண்டு, அடுத்த வேளை உணவில் அவ்வளவைக் குறைத்துக்கொள்ளலாம். அன்றி, நாள்தோறும் தலைச்சுற்றும் உறக்கமின்மையும் நீடிப்பின், அல்லது வாரத்துக்கு ஒரு கிலோகிராமுக்கு மேல் எடை தொடர்ந்து இறங்கின், உணவு மிகக் குறைந்துவிட்டதென அறிந்து கூட்டுதல் வேண்டும்.

நடையால் வரும் எடைக் குறைவு இவ்வளவு சிறிதாயின் நடப்பதெதற்கு என்று சிலர் வினவக்கூடும். உணவைக் குறைப்பது எடையை இறக்கும். நடை, இறங்கிய எடையை மீண்டும் ஏறாது காக்கும். எடையைப் பெரிதும் குறைத்து அதனை நெடுங்காலம் பேணியோரின் விவரங்கள் அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு முதல் திரட்டப்பட்டு வருகின்றன. அவருட் பெரும்பாலார் நாள்தோறும் சராசரி ஒரு மணித்தியாலமளவு உடற்பயிற்சி செய்வோரே. மேலும், எடை அணுவளவும் குறையாவிடினும் நடப்பவரின் இதயம் வலிவடைகின்றது, குருதியழுத்தம் தணிகின்றது, இன்சுலின் செவ்வனே தொழிற்படுகின்றது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் விதந்துரைத்ததும் எடை ஒன்றையே கருதியன்று.

உடற்பயிற்சியை உணவு வாங்கும் காசாக எண்ணுபவர் அக்காசை அன்றன்றே செலவிட்டுவிடுகின்றனர். சில வேளை கடனும் படுகின்றனர். உணவின் அளவை உணவு வேளையிற் தீர்மானித்துக்கொண்டு, நடையை நடையின் பொருட்டே நடப்பவர்க்கு இரண்டும் பயன் தரும். மூன்று மாதம் நடந்தும் தராசின் முள் அசையாது நிற்குமாயின், அவர் நிறுத்த வேண்டியது நடையையன்று. நடைக்குப் பின் உண்ணும் அந்தச் சிற்றுண்டியையே.